மீசையும் ஒரு சுழல் நாற்காலியும்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். நம் கோர்ட் அமீனாவுக்கு மணியெல்லாம் கிடையாது, மீசைதான். அவர் தெருமுனையில் திரும்புவதற்குள் அது திரும்பிவிடும். இரண்டு பக்கமும் முறுக்கி, நுனியில் எண்ணெய் தடவி, காது வரைக்கும் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிற மீசை. ஊரில் அவருக்குப் பெயரே மீசை என்று ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அமீனாவின் வேலை என்னவென்று தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். சிவில் வழக்கில் நீதிபதி தீர்ப்பைச் சொல்லிவிட்டு அடுத்த வழக்குக் கட்டைப் பிரித்துவிடுவார். தோற்றவர் மரியாதையாகப் பொருளைக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை. கொடுக்காவிட்டால் வாரண்டை எடுத்துக்கொண்டு போய், பொருளைத் தூக்கி, ஜெயித்தவரிடம் சேர்க்க வேண்டியது அமீனா. அதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. வாசல் திறந்திருந்தால் தாராளமாக நுழையலாம். சாத்தியிருந்தால் உடைக்கக் கூடாது. ‘கதவு சாத்தியிருந்தது’ என்று எழுதி வாரண்டைத் திருப்ப வேண்டியதுதான். ஆகவே மீசை தெரிந்ததும் தெருவில் கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். வழக்கே இல்லாதவர்கள்கூட எதற்கும் இருக்கட்டும் என்று ஒருக்களித்து வைப்பார்கள்.

இது அவருக்கு வருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளூர ஏகப் பெருமை. நடுத்தெருவில் நடந்து வந்தால் இரண்டு பக்கமும் கதவு சாத்துகிற மரியாதை வேறு எந்த உத்தியோகத்தில் கிடைக்கும்?

இப்போதைய தலைவலி ஒரு சலூன் நாற்காலி. சலூன்காரரும் அவருடைய மச்சானும், அதாவது மனைவியின் அண்ணனும், ஒன்றாகக் கடை நடத்தியவர்கள். ஒரு வாடிக்கையாளரின் கிருதா யார் வெட்டியதில் கோணிக்கொண்டது என்று பேச்சு வந்தது. பேச்சு முற்றிக் கடை இரண்டாயிற்று. கண்ணாடியைப் பிரித்துக்கொண்டார்கள், கத்தரியைப் பிரித்துக்கொண்டார்கள், நாற்காலியைப் பிரிக்க முடியவில்லை. இரும்புக் கால், சிவப்பு மெத்தை. மிதித்தால் உயரும், சாய்த்தால் படுக்கும், தொட்டால் சுற்றும். அது தன் அப்பா தனக்குக் கொடுத்தது என்று சாட்சி வைத்து மச்சான் ஜெயித்துவிட்டார். தீர்ப்பு வந்தும் சலூன்காரர் அசையவில்லை.

அவருக்குத் துணை அவர் மனைவி. சலூனுக்குப் பக்கத்து அறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். மெஷினில் உட்கார்ந்தால் தெருமுனை நன்றாகத் தெரியும். மீசையைக் கண்டதும் மிதிப்பதை நிறுத்திவிடுவாள். கடகடவென்ற சத்தம் நின்றதும் இந்தப் பக்கம் சலூன் ஷட்டர் தடாலென்று இறங்கும். ஜெயித்தது கூடப்பிறந்த அண்ணன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், இவளுக்கு ஒரு நரம்புகூட ஆடவில்லை.

ஒவ்வொரு தடவையும் அமீனா ‘கதவு சாத்தியிருந்தது’ என்று எழுதினார். கடைசியில் நீதிபதி அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“சலூன்னா நாள் முழுக்கத் திறந்திருக்கிற கடை. நீங்க போறப்ப மட்டும் எப்படிங்க சாத்தியிருக்கு?”

“என்னைப் பார்த்ததும் சாத்திடறாங்க, அம்மா.”

“அப்படின்னா உங்களை எதுக்கு அனுப்பணும்? அடுத்த வாய்தாவுக்கும் இதையே எழுதிட்டு வந்தா, உங்களை ரெக்கார்டு ரூமுக்கு மாத்திடறேன். வேற ஆள் போகட்டும்.”

ரெக்கார்டு ரூம் என்பது கோர்ட்டின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறை. பழைய கட்டுகளும் தும்மலும் மட்டும் இருக்கும் இடம். தெருவில் நடக்காமல் அமீனாவால் இருக்க முடியாது. அங்கே போனால் யார் அவரைப் பார்த்துக் கதவு சாத்துவார்கள்?

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி கறிகாய் நறுக்கிக்கொண்டே தீர்ப்பு சொன்னாள்.

“மீசையை எடுத்துடுங்க.”

“என்னடி பேசறே?”

“உங்களை யாருங்க பார்க்கறாங்க? மீசையைத்தான் பார்க்கறாங்க. அதை எடுத்துட்டா உங்களை எனக்கே அடையாளம் தெரியாது.”

“வேற வழி ஏதாவது சொல்லேன்.”

“கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி? தெரு வேணுமா, மீசை வேணுமா?”

அவர் ஓர் இரவு முழுக்கப் புரண்டு படுத்தார். காலையில் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கல்யாணமான நாள் முதல் அந்த மீசை குத்துகிறது என்று சொல்லிவந்தவள், முகத்தில் கொஞ்சம்கூட இரக்கம் இல்லாமல் கத்தரியை எடுத்தாள். பிறகு பிளேடு. இரண்டு இடத்தில் கீறல், ஒரு ஓரத்தில் புல் முளைத்த மாதிரி மிச்சம். கண்ணாடியில் பார்த்தபோது, ஊரை விட்டு ஓடிப்போன தன் தம்பி திரும்பி வந்து நிற்பது போல இருந்தது. அழுகை வந்தது. வாரண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தெருவில் ஒரு கதவுகூடச் சாத்திக்கொள்ளவில்லை. காலம் காலமாக அவரைக் கண்டதும் பின்வாசலால் ஓடுகிற பாத்திரக்கடைக்காரர் அவரிடமே மணி கேட்டார். ஒரு பெண்மணி “கொஞ்சம் ஓரமா போங்களேன்” என்றாள். திட்டம் பலித்ததற்குச் சந்தோஷப்பட வேண்டியவர்தான், ஆனால் மனசு வலித்தது. இத்தனை நாள் ஊர் பயந்தது தனக்கு இல்லை, மூக்குக்குக் கீழே இருந்த முடிக்குத்தான் என்று புரிந்தால் யாருக்குத்தான் வலிக்காது?

வழக்கில் ஜெயித்த மச்சானைத் தள்ளுவண்டியோடு முனைக்குப் பின்னால் ஒளிந்திருக்கச் சொல்லிவிட்டு அவர் திரும்பினார். தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து தைத்தாள். மெஷின் நிற்கவில்லை. அமீனா அந்த வாசலுக்குள் முதல்முறையாகக் காலை வைத்தார்.

“வாங்க சார், உட்காருங்க” என்றார் சலூன்காரர்.

உள்ளே வந்ததும் வாரண்டை நீட்டியிருக்க வேண்டும். ஆனால் நாற்காலியைப் பார்த்தார். வழக்குப் பொருள் என்ன நிலையில் இருக்கிறது என்று பரிசோதிப்பதும் கடமைதானே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். முதுகு அப்படியே கரைந்து போனது. கழுத்து வரை துணி போர்த்தி, நாற்காலியைச் சாய்த்து, சலூன்காரர் கன்னத்தில் சோப்பு நுரை பூசினார். வாரண்டு துணிக்குள்ளே எங்கேயோ போய்விட்டது.

சலூன்காரரின் கட்டைவிரல் மேலுதட்டில் வந்து நின்றது. மற்ற இடமெல்லாம் வெயில் பட்டுக் கறுத்திருக்க, உதட்டுக்கு மேலே மட்டும் ஒரு பட்டை வெளுத்திருந்தது. ஊரை ஏமாற்றலாம், முகத்திலேயே குடித்தனம் நடத்துகிறவனை எப்படி ஏமாற்றுவது?

“நேத்து வரைக்கும் இங்க ஒரு பெரிய மீசை இருந்திருக்கு” என்றார் சலூன்காரர்.

அமீனா துணிக்குள் கையை விட்டு வாரண்டைத் தேடினார்.

“இந்த அகலத்துக்கு ஊர்ல ஒரே மீசைதான் சார்.”

“உள்ள வந்தாச்சு” என்றார் அமீனா, படுத்தபடியே. “கதவு திறந்திருந்தது. நாற்காலியை எடுக்கப் போறேன்.”

“தாராளமா எடுங்க. முதல்ல கீழ பாருங்க.”

தலையை வளைத்துப் பார்த்தார். இரும்புக் காலைத் தரையோடு சேர்த்துச் சிமெண்ட் பூசியிருந்தது.

“போன வாரம்தான் பூசினேன். உங்க வாரண்டுல அசையும் பொருள்னுதானே போட்டிருக்கு? பூமியோட பதிச்சுட்டா அது அசையாச் சொத்தாம். சவரத்துக்கு வர்ற வக்கீல் சொன்னார்.”

வாரண்டில் அப்படித்தான் போட்டிருந்தது. மீசையும் போயிற்று, நாற்காலியும் போயிற்று, நாளைக்கு ரெக்கார்டு ரூம். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சமாளிப்பார்கள். அதற்குக்கூட அவரிடம் மீசை இல்லை.

சலூன்காரருக்குப் பாவமாக இருந்தது. அதைவிட, அந்த உதட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“யார் சார் இப்படி மேஞ்சது?”

“வீட்டுக்காரி.”

“காட்டைக் கொளுத்தின மாதிரி இருக்கு. இதோட வெளிய போனா என் தெருவுக்கே அசிங்கம். இருங்க, சரி பண்ணிடறேன்.”

உதட்டைச் சுத்தம் செய்தார். வலது கன்னத்தை முடித்தார். இடது கன்னத்துக்காக, வெளிச்சம் படும்படி நாற்காலியை ஒரு விரலால் சுற்றினார். வெண்ணெயில் வழுக்குவது போலச் சத்தமில்லாமல் சுற்றியது.

“என்னமா சுத்துது!” என்றார் அமீனா, நிஜமாகவே மனசு விட்டு.

அவ்வளவுதான். சலூன்காரரின் முகம் மலர்ந்துவிட்டது.

“என் மச்சான் கையில இருந்தப்ப கீச்சு கீச்சுன்னு கத்தும் சார். வெட்டின முடி உள்ள இறங்கி, தண்டுல சுத்திக்கும். அவருக்கு அது தெரியாது. நான் தினமும் கடை சாத்தறதுக்கு முன்னால மேல்பாகத்தைக் கழட்டி, தண்டைத் துடைச்சு, எண்ணெய் விட்டுத்தான் மாட்டுவேன்.”

அமீனாவின் காது நிமிர்ந்தது. மீசை இருந்திருந்தால் அதுவும் நிமிர்ந்திருக்கும்.

“கழட்டுவீங்களா? சும்மா சொல்லாதீங்க. இவ்வளவு கனத்தை யார் தூக்கறது?”

“நம்பலையா? நானும் வீட்டுக்காரியும் ஆளுக்கொரு பக்கம் பிடிப்போம். பூ மாதிரி வந்துடும்.”

“இதை நான் நம்பணுமா?”

“எழுந்திரிங்க சார்! அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க, காட்டறேன்.”

நுணலும் தன் வாயால் கெடும். அமீனா கழுத்தில் துணியும் இடது கன்னத்தில் நுரையுமாக எழுந்து, கைப்பிடியைப் பிடித்தார். இருவரும் தூக்கினார்கள். சிவப்பு மெத்தை, முதுகு, தலையணை, கைப்பிடி எல்லாம் சேர்ந்து மேலே வந்தது. தரையில் எண்ணெய் மினுங்கும் ஒரு மொட்டைத் தண்டு மட்டும் நின்றது.

“பார்த்தீங்களா?” என்றார் சலூன்காரர் பூரித்து. “சரி, இறக்கலாம்.”

“எங்க இறக்கறது? வண்டி முனையில நிக்குது.”

சலூன்காரர் அமீனாவைப் பார்த்தார். தண்டைப் பார்த்தார். கையிலிருந்ததைப் பார்த்தார்.

“அசையுது” என்றார் அமீனா, ஒரு தடவை ஆட்டிக் காட்டி. “அசையும் பொருள். தண்டு உங்களுக்கு, சிமெண்டோட நல்லா வச்சுக்குங்க.”

சலூன்காரர் தன் பக்கத்தைக் கீழே இறக்கிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கத்தியை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

“இடது கன்னம் பாக்கி இருக்கே” என்றார் அமீனா.

“சவரம் பண்ண நாற்காலி இல்லையே சார்.”

அப்படியே பாதி நுரையோடு அமீனா வெளியே வந்தார். மச்சான் வண்டியை உருட்டிக்கொண்டு வந்ததுதான் தாமதம், மெஷின் நின்றது, தங்கை வாசலில் நின்றாள்.

“அண்ணே, நாற்காலி கொடுத்த அப்பா எனக்கும் அப்பாதானே? உனக்கு வெக்கமா இல்லை?”

“தீர்ப்பைக் கேட்டியா இல்லையா?”

“கேட்டேன். எடுத்துட்டுப் போய்த் தரையில போட்டு, ஆளைக் குத்தவச்சுச் சவரம் பண்ணு.”

பிறகு அமீனா பக்கம் திரும்பினாள். அந்த வெறும் முகத்தைச் சட்டைக்கு அளவெடுப்பது போல மேலிருந்து கீழாகப் பார்த்தாள். போய் மெஷினில் உட்கார்ந்தாள்.

கோர்ட்டில் நீதிபதி அம்மா “அமீனா எங்கே?” என்று எதிரில் நின்றவரிடமே கேட்டார். விஷயம் தெரிந்ததும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, சீக்கிரமே உள்ளே எழுந்து போய்விட்டார். ரெக்கார்டு ரூம் பேச்சு அதோடு நின்றது.

ஆனால் மச்சான் சும்மா இருக்கவில்லை. தரையில் கிடக்கிற நாற்காலியில் உட்கார எவரும் வரவில்லை. முட்டி முகவாயில் இடிக்கிறதாம். தண்டும் நாற்காலியின் பாகம்தான், பெயர்த்துக் கொடுக்க வேண்டும் என்று மனுப்போட்டு, சில வாரங்களில் அதற்கும் உத்தரவு வாங்கிவிட்டார். புது வாரண்டு அமீனாவிடமே வந்தது. அவருக்கு மீசை அரைகுறையாக முளைத்திருந்தது. பழைய மீசையும் இல்லை, வெறும் முகமும் இல்லை. இரண்டுங்கெட்டான் முகம். பாத்திரக்கடைக்காரர் இன்னமும் அவரிடம் மணிதான் கேட்டார்.

கனத்த மனசோடு தெருமுனையில் திரும்பினார்.

தையல் மெஷின் சட்டென்று நின்றது. ஷட்டர் தடாலென்று இறங்கியது.

அமீனா நடுத்தெருவில் அப்படியே நின்றார். நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. மீசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரைத் தெரிந்துகொண்டு கதவு சாத்த இந்த ஊரில் ஒரு ஜீவன் இருக்கிறது. கடமைக்கு ஷட்டரைத் தட்டினார்.

“கோர்ட்லேர்ந்து வந்திருக்கேன்.”

“தெரியுது சார்” என்று உள்ளிருந்து குரல் வந்தது. பக்கவாட்டுச் சுவரில் இருந்த சின்ன ஜன்னல் திறந்தது. கம்பிக்குப் பின்னால் சலூன்காரரின் முகம். வாரண்டை அவர் பார்க்கவே இல்லை. பார்த்தது மீசையைத்தான்.

“இடது பக்கம் ஏறிக் கிடக்கு, வலது பக்கம் தொங்குது. சகிக்கல சார். கதவைத் திறக்க முடியாது. மூஞ்சியை மட்டும் கம்பிகிட்ட கொண்டாங்க.”

அமீனா முன்னும் பின்னும் பார்த்தார். தையல்காரி குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வாரண்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு, கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளிருந்து கத்தரி வந்து, இதமாக வேலை செய்தது.

அன்று மாலை அறிக்கையில் ‘கதவு சாத்தியிருந்தது’ என்று எழுதினார். ஜன்னலைப் பற்றி எதுவும் எழுதவில்லை.