யாருக்காச்சும் தர வேண்டியிருந்தா

மூன்றாவது சொம்புத் தண்ணீரை ஊற்றும்போது அசீமுக்குக் கண் சொருகியது. விடியற்காலை பாங்கு சொல்லும் நேரத்தில் அத்தா மூச்சை விட்டதிலிருந்து அவன் உட்காரவே இல்லை. வீட்டுக்குப் பின்னால், பாதியில் நின்றுபோன மாடிப்படிக்குக் கீழே, வேட்டி கட்டி மறைத்த இடத்தில் நூருல் அமீன் படுத்திருந்தார். இலந்தை இலை போட்ட தண்ணீர் அவர் மேல் வழிந்து சத்தமில்லாமல் ஓடியது. குளிப்பாட்ட வந்த பெரியவர் “இன்னும் மெதுவா ஊத்துங்க” என்றது பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது மாதிரி கேட்டது.

ஒன்றை மட்டும் அவனால் யாரிடமும் சொல்லமுடியாது. அத்தாவின் மூச்சு நின்றதும் முதலில் வந்தது அழுகை அல்ல. அஞ்சாம் தேதி. லோன் தவணைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது என்ற நினைப்பு. சீ, நானெல்லாம் ஒரு பிள்ளையா என்று அப்போதே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவன் ஷோரூமில் டிவியும் ஃப்ரிட்ஜும் விற்கிறவன். போன தீபாவளியோடு இன்சென்டிவை நிறுத்திவிட்டார்கள். கைக்கு வருவது பாதியாகிப்போனது. மாடி கட்ட வாங்கிய பர்சனல் லோனுக்கு அதெல்லாம் தெரியுமா என்ன, அஞ்சாம் தேதியானால் டாண் என்று வந்து நின்றது. ஆறு மாதமாகத் தவணையில் பாதியை அத்தாதான் கொடுத்துவந்தார். மிஷன் ஸ்கூலில் கிளார்க்காக இருந்து ரிட்டயரானவர். பென்ஷனில் மிச்சம் என்று சொல்லி, மடித்த நோட்டுகளை அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஆனால் இன்றைக்கு அவனைப் பயமுறுத்தியது பேங்க் இல்லை. ஜனாஸா தொழுகைக்கு முன்னால் மகன் எழுந்து நின்று சொல்லவேண்டும். மௌத்தானவர் யாருக்காவது கடன் பட்டிருந்தால் என்னிடம் கேளுங்கள், நான் பொறுப்பு என்று. எல்லா ஜனாஸாவிலும் சொல்வதுதான். யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள், அப்படி ஏதாவது இருந்தால் பிறகு தனியாக வந்து சொல்வார்கள். ஆனாலும் சொந்தக் கடனைக் கட்ட வக்கில்லாதவன் மைக்கைப் பிடித்து நான் பொறுப்பு என்றால் அது பொய் இல்லாமல் வேறென்ன? அத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

தங்கை சபிஹாவின் மாப்பிள்ளைக்கு அது புரிந்திருக்கவேண்டும். உனக்குச் சங்கடமாக இருந்தால் நானே சொல்லிவிடுகிறேன் மாப்ள என்று காதோரம் சொன்னார். அசீம் தலையாட்டப் போனான். உள்ளே இருந்த அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது.

“பிள்ளை நீ இருக்கும்போது வேற யாரு சொல்றது? நீதான் சொல்லணும்.”

அத்தாவை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றி அது தானாக மிதந்து போவது போலிருந்தது. ஒரு பழக்கடைக்காரர் வியாபாரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். காற்றே இல்லாத தெருவில் அத்தர் வாசனை மட்டும் கூடவே வந்தது. அத்தாவும் பக்கத்தில் நடந்து வருவதாகவே அசீமுக்கு ஒரு நினைப்பு. யாருடா போயிட்டா, இம்புட்டுக் கூட்டம் என்று அவர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்துக்கொண்டு போனான்.

பள்ளிவாசல் முற்றத்தில் வரிசை கட்டினார்கள். தொழவைக்கும் ஹஜரத் கண்ணைக் காட்டினார். அசீம் முன்னால் போய் மைக்கைப் பிடித்தான். தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் அந்த வார்த்தைகளைச் சொல்லி முடித்தான். முற்றம் அமைதியாக இருந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று மைக்கைத் திருப்பிக் கொடுக்கப்போனான்.

வாசல் படியோரம் ஒரு கை உயர்ந்தது.

“எனக்குத் தரணும் தம்பி. நாப்பத்திரெண்டாயிரம்.”

எல்லாத் தலையும் திரும்பியது. ஞானமுத்து சார். அத்தாவோடு அதே ஸ்கூலில் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். செய்தி கேட்டு வாடிப்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். கேள்வி கேட்டால் வகுப்பு ஊமையாக உட்கார்ந்திருப்பது அந்த மனிதருக்கு என்றைக்கும் ஆகாது. இது பதிலே வராத கேள்வி என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள், பாவம். சபிஹாவின் மாப்பிள்ளை பல்லைக் கடித்தார்.

எல்லோரும் பார்ப்பதைப் பார்த்து சார் மிரண்டுபோனார். செருப்பைக் கழற்றிவிட்டு அசீம் பக்கத்தில் வந்து, கேட்டாயே என்றுதான் சொன்னேன், தப்பா என்றார். பிறகு தணிந்த குரலில் விவரம் சொன்னார். மாதாமாதம் நூருல் வாடிப்பட்டிக்கு வருவாராம். ஏழாயிரம் வாங்குவாராம். வாத்தியாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டு வருவாராம். பையனுக்குத் தெரியவேண்டாம், மாத்திரைக்கே பென்ஷன் சரியாகிப்போகிறது என்றாராம்.

ஆக, மிச்சம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அசீமுக்குத் தூக்கம் மொத்தமாகக் கலைந்தது. காலையிலிருந்து வராத அழுகை அத்தனை பேருக்கு முன்னால் வந்தது. அவன் மறைக்கவில்லை.

ஹஜரத் சாரிடம் மெதுவாக விளக்கினார். ஒன்று, நீங்கள் மனசார விட்டுக்கொடுக்கலாம். இல்லையென்றால் மகன் ஏற்றுக்கொள்ளவேண்டும். சார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“விட்டுட்டேங்க. எப்பவோ விட்டுட்டேன்.”

ஒரு வருடமாக யாராவது சொல்லமாட்டார்களா என்று அசீம் ஏங்கிய வார்த்தை அது. சபிஹாவின் மாப்பிள்ளை நிம்மதியாக அவன் தோளை அழுத்தினார். வரிசையில் நின்றவர்களும் மூச்சு விட்டார்கள்.

“இல்ல சார்” என்றான் அசீம். “நான் தாரேன். மாசம் ஆயிரம்.”

“வேணாம்டா. உன் நெலம எனக்குத் தெரியும்.”

“அத்தா எனக்காக வாங்குனது சார். நான்தான் தரணும்.”

சார் அவனையே பார்த்தார். உதடு தானாகக் கணக்குப் போட்டது. “மூணரை வருஷம் ஆகும்.”

“ஆகட்டும் சார்.”

“சரி, போன்லயே அனுப்பிவிட்டுரு. அம்புட்டுத் தூரம் எதுக்கு அலையணும்?”

“நேர்லயே வாரேன் சார்.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“அதுவரைக்கும் நான் இருக்கணுமேடா.”

“இருங்க சார்.”

ஹஜரத் வரிசையைச் சரிசெய்யச் சொன்னார். ஞானமுத்து சார் திரும்பிப்போய் செருப்புகளுக்கு நடுவில் நின்றார். கையைக் கட்டுவதா தொங்கவிடுவதா என்று தெரியாமல் முன்னால் நிற்கிறவர்களைப் பார்த்தார். முதல் வரிசையில் ஒருவர் காலை நகர்த்தி இடம் விட, அசீம் அங்கே போய் நின்றுகொண்டான்.