கத்தினால் செவிடாகும் பெட்டி

கரை நிலையத்தின் வயர்லெஸ் ரிசீவர் மதியத்துக்குள் இரண்டாவது தடவையாகச் செவிடானபோது, அதைப் பழுதுபார்க்கும் ஈயம் கருவிப் பையோடு ஓடிவந்தான். எந்நேரமும் ஈயம் உருக்கும் புகை வாசனையோடு திரிவதால் படகுக்காரர்கள் வைத்த பெயர் ஈயம். லேசாகச் சூடு காட்டினாலே உருகிவிடுவான் என்பதும் ஒரு காரணம் என்பாள் அவன் அக்கா. அந்த அக்காதான் நிலையத்தில் மைக் பிடிப்பவள். மூடுபனிக்குள், எஞ்சின் நின்றுபோய், கடலில் மிதந்துகொண்டிருந்தது அவள் புருஷனின் படகு.

"நீரோட்டம் பெரிய கப்பல் போற பாதைக்கு இழுத்துட்டுப் போகுதுன்னாரு. எந்த இடம்னு கேட்டேன். அதுக்குள்ள பெட்டி செத்துப்போச்சு," என்றாள் அக்கா. குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஈயம் மூடியைக் கழற்றினான். ஆன்டெனா பிடித்துத் தரும் முனகலை முதலில் வாங்கிப் பெரிதாக்குகிற ஆம்ப்ளிஃபயர் ஐ.சி., மிளகு அளவுக் கறுப்புச் சதுரம், ஒன்றும் அறியாத பிள்ளைபோல உட்கார்ந்திருந்தது. மீட்டர் வைத்தால் உயிர் இல்லை. காலையில் போனதும் இதேபோலத்தான் போயிருந்தது. டப்பாவில் இனி ஒன்றே ஒன்று.

"சட்டுனு மாட்டுப்பா," என்றார் வாசலில் நின்ற படகுச் சங்கச் செயலாளர். தேடப்போகும் படகு ஜன்னலுக்குக் கீழே உறுமிக்கொண்டிருந்தது. எங்கே போவது என்று தெரியாமல் உறுமுவதைத் தவிர அதற்கும் வேறு வேலை இல்லை.

"ஏன் போச்சுன்னு தெரியாம மாட்டினா இதுவும் போயிடும் சார்."

"போன தடவை தெரிஞ்சுக்கிட்டுதான் மாட்டினியா?"

நியாயமான கேள்வி. ஈயம் அக்கா பக்கம் திரும்பினான்.

"அக்கா, நீ பேசி முடிச்சதும்தான் போச்சா?"

"ஆமா. பட்டனை விட்டேன். இரைச்சல்கூட இல்ல."

"காலையில?"

"அப்பவும் நான்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

அவன் ஜன்னல் வழியே கூரையைப் பார்த்தான். கம்பத்தில் இரண்டு ஆன்டெனாக்கள் புதுமணத் தம்பதிபோல ஒட்டி நின்றன. காற்றில் விழுந்த, பேச்சை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவை, விடிந்ததும், ரிசீவர் ஆன்டெனா இருந்த கம்பத்திலேயே சேர்த்துக் கட்டியது அவன்தான். இடம் மிச்சம், ஒயர் மிச்சம் என்று செயலாளர் முதுகில் தட்டிக்கொடுத்திருந்தார். கடலைத் தாண்டிப் போகவேண்டிய சத்தம் முழுக்கப் பக்கத்தில் இருந்த காதுக்குள் இடியாக இறங்கியிருக்கிறது. சில அடிகளை ஐ.சி. தாங்கியது. பிறகு ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தது.

"அக்கா." அவன் கம்பத்தைக் காட்டினான். "நீ கூப்பிடக் கூப்பிடத்தான் பெட்டிக்குக் காது போகுது. அந்த ஆன்டெனாவ அங்க கட்டினது நான்."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ நான் பேசாம இருந்தா கேக்குமா?"

"கேக்கும்."

"நான் பேசாட்டி அவரு எப்படிடா பேசுவாரு?"

அதுதான் சிக்கல். பேட்டரியை மிச்சம் பிடிக்க, கரை கூப்பிட்டால்தான் படகு பேசும்; இது படகுக்காரர்களின் வழக்கம். கரை வாயை மூடினால் மச்சானும் வாயை மூடிக்கொண்டு கப்பல் பாதைக்குள் போய்விடுவார்.

"உங்க அக்கா பேசும்போது ரிசீவர் ஒயரைப் புடுங்கிடேன்," என்றார் செயலாளர்.

"கீழ நிக்கற படகும் பேசுமே சார். உங்க டிரைவர் சொல்லிட்டுத்தான் பேசுவாரா?"

செயலாளர் ஜன்னல் வழியே தன் டிரைவரை எட்டிப் பார்த்துவிட்டு, ஒயர் யோசனையைக் கைவிட்டார். ஈரக் கூரையில் ஏறிக் கம்பத்தைப் பிரிக்கவும் வழியில்லை. தேடவேண்டிய ஆள் இரண்டாகிவிடும்.

ஈயம் பழைய பலகை ஒன்றிலிருந்து இரண்டு டயோடுகளை உருவினான். ஐ.சி.யின் வாசலில், ஒன்றுக்கொன்று தலைகீழாக, தரை இணைப்புக்குப் பாலம்போட வேண்டும். மெல்லிய சத்தம் வந்தால் இரண்டும் தூங்கும். இடி வந்தால் விழித்து, அதை ஐ.சி.யைத் தொடவிடாமல் தரைக்கு இறக்கிவிடும். குறை ஒன்று உண்டு. இவை இதற்கென்றே செய்த டயோடுகள் அல்ல. தூங்கும்போதும் வருகிற சத்தத்தில் கொஞ்சம் தின்னும். மச்சானின் பேட்டரியோ சாகக் கிடந்தது.

போட்டால் குரல் கேட்காமல் போகலாம். போடாவிட்டால் பெட்டியே போகலாம்.

அவன் போட்டான். அவசரத்தில் முதல் ஈயச் சொட்டு விரலில் விழுந்தது. வலிக்க நேரமில்லை. கடைசி ஐ.சி.யையும் பற்றவைத்து மின்சாரம் கொடுத்தான். ஸ்பீக்கரில் மழைபோல இரைச்சல் எழுந்தது.

"கூப்பிடுக்கா."

அக்கா பட்டனில் விரலை வைத்து அழுத்தாமல் நின்றாள். "போச்சுன்னா?"

"போச்சுன்னா என்னைத் திட்டு."

"அதுக்கு எதுவும் போகணும்னு அவசியமில்ல," என்று சொல்லிப் பட்டனை அழுத்தினாள். "கரையிலேருந்து பேசறேன். எந்த இடம்னு சொல்லுங்க. ஓவர்."

விரலை எடுத்தாள். ஸ்பீக்கர் மூச்சுவிடவில்லை. ஈயத்துக்கும் அதே நிலைமை. பிறகு இரைச்சல் தடுமாறி எழுந்து வந்தது. ஐ.சி. பிழைத்துவிட்டது.

ஆனால் குரல் இல்லை. இரைச்சலுக்கு அடியில் ஏதோ கொசுபோல முனகியது; அவ்வளவுதான். டயோடு தின்றுவிட்டது என்று ஈயம் முடிவுகட்டினான். கட்டரை எடுத்து டயோடின் காலில் வைத்தான்.

"கையை எடுடா," என்றாள் அக்கா. காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்திருந்தாள்.

"ஒண்ணுமே கேக்கலக்கா. வெட்டினா கொஞ்சம்..."

"உனக்குக் கேக்காது. வீட்டுலயும் இந்த மனுஷன் இப்படித்தான் முனகுவாரு, நான் அடுப்படியிலேருந்து பதில் சொல்லுவேன்." கண்ணை மூடினாள். "மணி... மிதவை. மணி கட்டின மிதவை. அதுக்குத் தெற்கே. மணிச் சத்தம் கிட்டத்துல கேக்குதாம்."

செயலாளர் ஜன்னலில் பாதி உடம்பைத் தொங்கவிட்டுக் கத்தினார். கீழே டிரைவர் கையை ஆட்டியதோடு நிறுத்தாமல், ஜன்னலுக்கு நேர் கீழேயே மைக்கை அழுத்தி, "கிளம்பிட்டோம், கிளம்பிட்டோம்," என்று உலகத்துக்கே அறிவித்தார். அந்த இடியில் ஸ்பீக்கர் அப்படியே அடங்கியது. ஈயம் கண்ணை மூடிக்கொண்டான். இரைச்சல் திரும்பி வந்தது.

அதன்பிறகு அக்கா விடாமல் கூப்பிட்டாள். முனகல் விடாமல் பதில் சொன்னது. ஒவ்வொரு தடவையும் மெலிந்துகொண்டே போனது. ஒரு கட்டத்தில் அக்காவுக்கும் கேட்கவில்லை. டயோடைப் போட்ட கையை ஈயம் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தான், மறுபடி கட்டரை எடுத்துவிடக் கூடாதே என்று.

திடீரென்று டிரைவரின் குரல் தெளிவாக வந்தது. "கயிறு கட்டியாச்சு. ஆளு நல்லாத்தான் இருக்காரு. குளிருதுங்கறாரு. இருங்க, மைக்கைக் குடுக்கறேன்."

அக்கா புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். "எஞ்சினைப் பாத்துட்டுக் கடலுக்குப் போங்கன்னு நேத்தே சொன்னேனா இல்லையா," என்று தொடங்கியவள், ஓவர் சொல்லவே இல்லை.

ஈயம் இரண்டு டயோடுகளையும் உற்றுப் பார்த்தான். புகை எதுவும் வரவில்லை. மறுமுனையில் மச்சானின் காதுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லையே என்றுதான் பாவமாக இருந்தது.