நாற்பத்தொன்றாம் குழாய்

புளித்த பாலோடு நான் நாலு வருஷமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். பாலைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களில் சில, பக்கத்தில் வேறு கிருமியை அண்டவிடாமல் கொல்லும் ஒரு புரதத்தையும் சுரக்கும். அது கிடைத்தால் இறைச்சியைக் கெடாமல் வைக்கலாம். கிடைக்காவிட்டால் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு, எனக்கு வேலை இல்லை. அதை முடிவு செய்யும் கமிட்டி மறுநாள் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது.

எனக்குக் கவலை இல்லை. கிருமி வளர்க்கும் தட்டில் நாற்பத்தொன்றாம் குழாயின் புளித்த திரவத்தைச் சொட்டிய இடத்தில் கிருமிகள் செத்து, காசு அளவுக்குத் தெளிவான வட்டம் விழுந்திருந்தது. ஒருமுறை அல்ல, மூன்று முறை. எங்கள் தலைவி மேடம் அதைப் படமெடுத்துச் சுவரில் மாட்டிவிட்டார். "பரவால்லயே, கெட்டுப்போன பாலும் உனக்குச் சோறு போடுது" என்றார் என் கணவர்.

அன்று மதியம் கமிட்டிக்குக் காட்டக் குழாய்களை அடுக்கும்போது, கை சும்மா இராமல், நாற்பத்தொன்றில் லிட்மஸ் தாளை நனைத்தேன். சிவந்தது.

புளிப்பு அப்படியே இருந்தது. காரம் விட்டு அமிலத்தை முறித்த பிறகுதான் சொட்ட வேண்டும். இல்லாவிட்டால் கொன்றது புரதமா, புளிப்பா என்று யார் கண்டது? எலுமிச்சைச் சாறு விட்டாலும்தான் கிருமி சாகும். அதற்கு எதற்கு நாலு வருஷம்?

நோட்டைப் புரட்டினேன். 'அமிலம் முறித்தாயிற்று' என்று எழுதி டிக் போட்டிருந்தது. அன்றன்றைய படிகளைக் காலையிலேயே எழுதி டிக் போட்டுவிடுவது என் பழக்கம். சாயங்காலம் எழுதக் கையில் உயிர் இருக்காது. அந்தக் குழாயைத் தயாரித்த அன்று மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது, போட்டது போட்டபடி ஓடினேன். மறுநாள் டிக்கைப் பார்த்துவிட்டு, குழாயை உறைய வைத்தேன். மூன்று முறையும் சோதித்தது அதே குழாயைத்தான்.

மிச்சத்தில் காரம் விட்டு, புதுத் தட்டில் சொட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்து ஒரே மங்கல். வட்டம் இல்லை. அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு.

மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நோட்ல டிக் இருக்குல்ல?"

"இருக்கு மேடம். ஆனா அது காலையிலயே போட்டது."

"அது போதும்மா. யாரும் குழாயைத் தொட்டுப் பாக்கப் போறதில்ல. முதல்லேருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்ல."

எனக்கும்தான் இல்லை. வராந்தாவில் கமிட்டியின் பேச்சுக்குரல் கேட்டது. பேனாவை எடுத்து டிக்கின் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 'செய்யவில்லை' என்று எழுதித் தேதி போட்டேன். நாலு வருஷத்துச் செய்முறைக் குறிப்பில், நடந்ததை நடந்த பிறகு நான் எழுதிய முதல் வரி அது.