எல்டன் அசையவில்லை

அமெரிக்காவில், டொலீடோ நகரத்தின் ஞாயிறு பேஸ்பால் லீகில் எங்கள் அணிக்கு மேனேஜர் ரஸ். நாற்பதைத் தாண்டிய ஆட்களைக் காலையில் மைதானத்துக்கு இழுத்து வருவது அவனுக்கு ஆட்டத்தைவிடப் பெரிய வேலை. ஒருவனுக்கு முதுகு பிடித்திருக்கும், ஒருவனுக்கு மாமியார் வந்திருப்பார். ஒன்பது பேர் சேராவிட்டால் ஆடாமலே தோல்வி.

அன்று எட்டுப் பேர்தான். ரஸ் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"கல்யாணம் மத்தியானம்தானேடா? அதுக்குள்ள விட்டுடறேன்!"

அந்த நேரம் பார்த்து எல்டன் நாயோடு வந்தார். பல் டாக்டர். ரஸ்ஸின் முன்னாள் மனைவி டோரீனுக்கு இப்போதைய கணவர். விவாகரத்தில் நாய் மட்டும் இருவருக்கும் பொதுவாகிவிட்டது; ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. ரஸ் முகத்தில் விழிக்கப் பிடிக்காத டோரீன், நாயை இவரிடம் கொடுத்தனுப்புவாள்.

"ரஸ், இவருக்கும் ரெண்டு கை ரெண்டு கால் இருக்கே" என்றேன்.

"அந்தாளா? செத்தாலும் மாட்டேன்."

"ஆள் இருக்கா இல்லையாய்யா?" என்று அம்பயர் கத்தினார்.

ரஸ் எல்டனிடம் போனான். "நீங்க இதுக்கு முன்னாடி ஆடியிருக்கீங்களா?"

"பள்ளிக்கூடத்துல ஸ்கோர் எழுதியிருக்கேன்."

"அது போதும், வாங்க."

பந்து அதிகம் வராத வலது கோடியில் அவரை நிறுத்தினோம். அன்றைக்கென்று பந்தெல்லாம் அங்கேயே போயிற்று. ஒன்று அவர் கால்களுக்கு நடுவே ஓடியது. இன்னொன்றைப் பிடித்துவிட்டார், பிடித்தவர் அதை எறியாமல், கையிலேயே பத்திரமாக எடுத்துக்கொண்டு எங்கள் பந்து வீச்சாளரிடம் கொடுக்க ஓடி வந்தார். அதற்குள் எதிரணிக்காரன் ஒருவன் ஓட்டத்தை முடித்துவிட்டான்.

"எறியுங்க சார்! மருந்துச் சீட்டா அது, நேர்ல வந்து குடுக்க?" என்று ரஸ் தொப்பியைத் தரையில் அடித்தான்.

எப்படியோ கடைசிச் சுற்றில் இரண்டு அணியும் சமம். எங்கள் முறை. ஓட்டம் எடுக்கச் சுற்றி வர வேண்டிய மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள் நின்றார்கள்; மூன்றாவதில் நான். இன்னும் ஒருவர் அவுட்டானால் சுற்று முடிந்துவிடும். மட்டை எடுக்க வேண்டியவர் எல்டன்.

ரஸ் அவர் காதருகே போய்ச் சொன்னான். "மட்டையைத் தூக்காதீங்க. துளிகூட அசையாதீங்க. பந்து போடறவன் களைச்சிட்டான். நாலு பந்தைத் தப்பா போட்டா உங்களுக்கு முதல் பேஸ் சும்மா கிடைக்கும். உங்களுக்கு இடம் விட ஒவ்வொருத்தனும் ஒரு பேஸ் முன்னாடி நகரணும்; மூணாவதுல நிக்கற மார்வின் உள்ள வந்துடுவான், நாம ஜெயிச்சிடுவோம்."

எல்டன் சிலையாக நின்றார். மூன்று பந்துகள் தப்பாகவே வந்தன. நாலாவது அவர் இடுப்புக்குக் கீழே, பின்பக்கத்தைக் குறி பார்த்து வந்தது. வேறு யாராக இருந்தாலும் துள்ளியிருப்பார்கள். அவர் பந்து வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

பந்து ஆள் மேலே பட்டாலும் முதல் பேஸ்தான். நாங்கள் குதித்தோம். எதிரணி மேனேஜர் பாய்ந்து வந்தான். "வேணும்னே வாங்கிக்கிட்டான்! நகரவே இல்லை!"

"விலக நேரம் இருந்ததா?" என்று அம்பயர் எல்டனைக் கேட்டார்.

"நிறைய இருந்தது. அசையக் கூடாதுன்னு சொன்னாங்க."

ரஸ் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அப்போ அடிபட்டதுக்குப் பேஸ் கிடையாது. அது வெறும் தப்புப் பந்துதான்" என்றார் அம்பயர். பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அட, இதோட நாலு ஆச்சே! போய்யா முதல் பேஸுக்கு!"

நான் நடந்தே வந்து வெற்றி ஓட்டத்தை முடித்தேன். எல்டன் நொண்டிக்கொண்டே முதல் பேஸுக்குப் போனார். ரஸ் ஓடிப்போய் அவரைக் கட்டிப் பிடித்தான். யாரைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது சற்று நேரம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. இருந்தாலும் விடவில்லை.

மத்தியானம் டோரீன் போன் செய்தாள். "என் புருஷனை என்ன பண்ணின ரஸ்? நின்னுக்கிட்டே சாப்பிடறார்."

"ரொம்ப வலிக்குதாமா?"

"வலிக்குது. ஆனா சிரிச்சுக்கிட்டே இருக்கார். அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்குன்னு கேக்கச் சொன்னார்."

அடுத்த ஞாயிறு என்ன அதிசயமோ, பத்துப் பேர் வந்துவிட்டோம். ரஸ் ஆட்டக்காரர்களின் பெயர்களைப் படித்தான். எல்டன் இருந்தார். நான் இல்லை.

"அவருக்குப் பிடிக்கவும் தெரியாது, எறியவும் தெரியாதுடா!" என்றேன்.

"சொன்னதைச் செய்யறார்டா. உங்கள்ல ஒருத்தனாவது இதுவரைக்கும் செஞ்சிருக்கீங்களா?"

பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எல்டன் தன் இடத்துக்கு ஓடும்போது எனக்குக் கையசைத்தார், நானும் அசைத்தேன்.