ஒரு மிடறு தண்ணீர்

மச்சான் அடிவாரத்தில் வாங்கி வந்த சிப்ஸ் பாக்கெட், சாப்பாட்டு மேசைமேல் இப்போதே வெடித்துவிடும்போல உப்பிக் கிடந்தது. மகள் அதை விரலால் குத்திக் குத்திச் சிரித்தாள்.

"மாமா வாங்கினப்போ சப்பையா இருந்துச்சாம். இப்ப ஏம்ப்பா இப்படி வீங்கியிருக்கு?"

இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் மனிதர் ஆறிப்போகும் காபியைக்கூட மறந்துவிடுவார். "அதுவாடா? மலை ஏற ஏற காத்தோட அழுத்தம் குறையும். வெளியில அமுக்கிப் பிடிக்க ஆள் இல்லைன்னதும் உள்ள இருக்கிற காத்து..." என்று உற்சாகமாக ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கைபேசியில் வானிலையைத் திறந்தார். காற்றழுத்தம் ஆயிரத்துப் பதின்மூன்று. கடற்கரையில் நிற்பவனுக்கு உரிய எண். இந்த மலை ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பகல் முழுக்கப் பேருந்தில் கிடக்க வேண்டும். காபியை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். "அப்புறம்ப்பா?" என்று மகள் கேட்டது வாசல்வரை கேட்டது.

அவர் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இயற்பியலாளர். எவ்வளவு கதிர் கொடுப்பது என்று டாக்டர்கள் முடிவு செய்வார்கள். இயந்திரம் அவ்வளவுதான் கொடுக்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. தண்ணீர்த் தொட்டிக்குள் விரல் பருமனில் ஒரு குழலை இறக்கி, அதிலிருக்கும் துளிக் காற்றை வைத்துக் கதிரை அளப்பார். காற்று மெலிந்திருந்தால் குழல் குறைத்துக் காட்டும் என்பதால் அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அறையிலிருந்த அழுத்தமானி போன மாதம் விழுந்து உடைந்தது. புதியது இதோ வருகிறது, அதோ வருகிறது என்று இழுத்தடித்தார்கள். கைபேசிதான் இருக்கிறதே என்று அதைப் பார்த்துப் போட்டார். வானிலைக்காரர்கள் எந்த ஊர் அழுத்தத்தையும் கடல்மட்டத்துக்கு மாற்றித்தான் சொல்வார்கள் என்று வகுப்பே எடுத்திருக்கிறார், மடையர்! மெலிந்த காற்றுக்குரிய திருத்தம் கணக்கில் சேராததால், அன்றைக்கு இயந்திரம் பலவீனமாகிவிட்டதாகத் தெரிந்தது. "கிழவிக்கு வயசாயிடுச்சு சார்" என்றாள் இயந்திரத்தை ஓட்டும் டெக்னீஷியன். அவரும் சிரித்துக்கொண்டே கதிரைக் கூட்டிவைத்தார். பிறகு வாராவாரம் அதே எண்ணை வைத்துச் சோதித்து, சரி என்று கையெழுத்தும் போட்டார். நூறு போக வேண்டிய இடத்தில் நூற்றுப் பத்து போய்க்கொண்டிருந்தது, மனித உடம்புக்குள்.

அவர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது டெக்னீஷியன் அன்றைய முதல் ஆளைக் கூப்பிடப் போய்க்கொண்டிருந்தாள். "மிஷினை நிறுத்துங்கம்மா" என்றார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மெதுவா பேசுங்க சார்." கதவைச் சாத்தினாள். "பழையபடி குறைச்சு வச்சுட்டா முடிஞ்சுது. யாருக்குத் தெரியப் போகுது?"

வழியெல்லாம் அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். வேலை போகும், பேப்பரில் படம் வரும், ஜெயிலுக்கும் போகலாம், பள்ளிக்கூடத்தில் மகளை எப்படிப் பார்ப்பார்கள் என்று பயம் அவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் போனை எடுத்து, தப்பான எண்ணை அழுத்தி, மறுபடியும் அழுத்தி, பெரிய டாக்டரிடம் சொன்னார். "நான் வர்றவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றபோது அந்த அம்மாவின் குரலும் சரியாக இல்லை.

வெளியே பெஞ்சில் பள்ளிப் பேருந்து டிரைவர் உட்கார்ந்திருந்தார். தொண்டையில் கட்டி, சில வாரங்களாகக் கதிர் வாங்குகிறவர். கழுத்துத் தோல் வெந்து கறுத்திருந்தது.

"என்ன பிசிக்ஸ் தம்பி, கிழவி இன்னிக்கும் மக்கர் பண்ணுதா?"

"ஆமாண்ணே. கொஞ்சம் லேட்டாகும்."

"ஆகட்டும், எனக்கென்ன, பசங்களை இறக்கி விட்டாச்சு." குரல் பாதிதான் வந்தது, மீதி வெறும் காற்று. "போன வாரத்திலேர்ந்து தண்ணிகூட இறங்க மாட்டேங்குது தம்பி. வைத்தியம் வேலை செய்யுதுன்னு அர்த்தமாம், டாக்டரம்மா சொன்னாங்க. வீட்டுல அழறா. அடி போடி, அளந்து கொடுக்க நம்ம தம்பி இருக்கு, உனக்கென்ன பயம்னேன்."

இயற்பியலாளர் டிரைவரின் பக்கத்தில் உட்கார்ந்தார். குறைத்து வைக்கலாம், நிறுத்தலாம், இனிமேல் போகிறதைச் சரியாக அளக்கலாம். உள்ளே போனதைத் திருப்பி எடுக்க ஒரு கணக்கும் இல்லை.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

டிரைவர் அதற்குள் பாட்டிலைச் சாய்த்து ஒரு வாய் தண்ணீர் எடுத்திருந்தார். இரு, இதை இறக்கிக்கிறேன் என்பதுபோல ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். குரல்வளை பாதி ஏறி நின்றது, இறங்கியது, மறுபடி ஏறியது. கண்ணோரத்தில் நீர் கசிந்தது. நடைக்கோடியில் பெரிய டாக்டரின் செருப்புச் சத்தம் வேகமாக வந்துகொண்டிருந்தது. இயற்பியலாளர் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட, டிரைவரின் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார். டிரைவரின் கை இன்னும் இறங்கவில்லை.