பதினோரு நாள் மாத்திரை

கண் மஞ்சளித்த பிறகும் பதினோரு நாள், ஒரு வேளை தப்பாமல், சுடலைவடிவு தன் புருஷன் பிச்சைக்கண்ணுக்குக் காசநோய் மாத்திரை கொடுத்தாள். ஒரு நாள் விட்டாலும் நோய் முறுக்கிக்கொண்டு திரும்பும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள். மஞ்சக்காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது என்பதோ ஊரறிந்த சங்கதி. ஆகவே விடியுமுன் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி ஊற்றினாள். உப்பையும் புளியையும் நிறுத்தினாள். இது காமாலைக்கு, அது நெஞ்சுக்கு. ஒன்றுக்கும் மற்றதுக்கும் என்ன சம்பந்தம்?

பிச்சைக்கண்ணு மாத்திரையைக் கண்டாலே ஓங்கரித்தான்.

"ஏட்டி, உப்பில்லாக் கஞ்சி குடிக்கவனுக்கு இது ஒண்ணுதான் கொறச்சலா? வயித்தப் பெரட்டுது, விட்டுரு."

அவள் விடவில்லை. தாடையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றி, விழுங்கும்வரை நின்றாள்.

பன்னிரண்டாம் நாள் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏற்றி, பாளையங்கோட்டை டாக்டர் காசிலிங்கத்திடம் கொண்டுபோனாள். வலது விலாவுக்குக் கீழே அவர் அமுக்கியதும் அவன் துடித்துப்போனான். ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை பெஞ்சில் அவன் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் கையிலிருந்த காகிதத்தையெல்லாம் தன்னுடையதோ என்று பார்த்தாள்.

சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார்.

"ஈரல் அடிபட்டா உள்ள இருக்க என்சைம் ரத்தத்துல கசியும்மா. நாப்பதுக்குள்ள இருக்கணும், இவருக்கு அறுநூத்திப் பத்து. ஈரலும் ரெண்டு வெரல் அளவுக்கு வீங்கிருக்கு. சில பேருக்கு அந்த மாத்திரையே இப்படிப் பண்ணும். கண்ணு மஞ்சளானதும் நிறுத்திருக்கணும்."

"நான்லா வாயில திணிச்சேன்" என்றாள் அவள்.

மாத்திரையை நிறுத்தினார்கள். வாராவாரம் ரத்தம் எடுத்தார்கள். முந்நூறு, நூற்றியிருபது, முப்பத்தெட்டு என்று இறங்கியது. ஆனால் நெஞ்சில் நோய் அப்படியே இருந்தது. பழைய மாத்திரைகளில் ஒன்றை மட்டும் டாக்டர் திரும்ப எழுதினார். அதற்கு ஈரல் தாங்கினால்தான் அடுத்தது.

"திரும்பவும் கூடிச்சுன்னா டாக்டர்?"

"கூடலாம். மூணு நாள்ல ரத்தம் பாப்போம். அதுக்குள்ள வாந்தி வந்தா அன்னைக்கே நிறுத்திட்டு வாங்க."

மறுநாள் காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிச்சைக்கண்ணுதான் பைய எடுத்துப் போட்டுக்கொண்டான். உச்சிப்பொழுதுக்குள் நாலு தடவை அவனை வெயிலில் நிறுத்திக் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டாள்.

"இப்பந்தான முழுங்கினேன், அதுக்குள்ளயா மஞ்சளாவும்?" என்று சலித்துக்கொண்டே, மறுபடியும் இமையை இழுத்துக் காட்டினான்.