அக்காவின் உம்லவுட்

1
இந்தக் கதை நான் வாய் திறக்காமல் விட்ட ஒரு விஷயத்திலிருந்து வருகிறது. ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் பயிற்சிக்கு வந்திருக்கிறேன். பேருந்துக்கு நின்றபடி பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. பேச்சுத் தமிழைத் தப்பாகப் பிடிக்கிறது என்பதால் புத்தகம் போலப் பேச வேண்டியிருக்கிறது.

கொடைக்கானலில் பனி இறங்கிய ஒரு காலையில்… (வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

2
நானும் அக்கா ஆக்ஸிலியாவும் கொடைக்கானலில் ஒரே ஜெர்மன் வகுப்பு. இந்தப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு இரண்டிரண்டு பேராக உள்ளே போக வேண்டும். ஆளுக்கொரு இலக்கணச் சொல் எப்படிப் பிறந்தது என்று ஜெர்மனில் சொல்ல வேண்டும். அக்கா எடுத்தது உம்லவுட், ஜெர்மனில் உயிரெழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்துக் காட்டும் ஒலி மாற்றம். ஒரு வாரம் தேடினாள். ஏரிச் சாலையில் நடந்துகொண்டே எனக்குச் சொல்லிக் காட்டினாள்.

“உம்னா சுத்தி, லவுட்னா சத்தம். சத்தம் திரும்பிருது, அவ்வளவுதான். அழகுக்கு ஷோன்னு சொல்றோம்ல, அந்தக் காலத்துல அதோட கடைசில ஒரு இ இருந்துச்சாம். அதுதான் ஓ சத்தத்தைத் திருப்பி விட்டுச்சு. பெறகு அந்த இ-யே காணாமப் போச்சு.”

“பாவம்க்கா அந்த இ.”

“ஒன் சொல்லப் படிடி மொதல்ல.”

3
முதலில் என்னைக் கேட்டார்கள். என் சொல் மறந்துபோனது. வாயைத் திறந்தேன், அக்காவின் சொல் வந்தது, அந்த இ வரைக்கும்.

[இங்கே அவள் முகத்தை எழுதப் பார்த்தேன். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.]

அடுத்து அவள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள். எனக்கு விசா வந்தது. அவளுக்கு ஒரு ஹோட்டலில் போர்வை மடிக்கும் சோலி.

“வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?” என்று அம்மா அவளை இன்னமும் கேட்கிறாள். நடந்ததை அக்கா இன்னமும் சொல்லவில்லை.

இப்போது மறுபடி ஆள் எடுக்கிறார்கள். சனிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அம்மா விடவில்லை. “அவளுக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது. இருக்குற சோலியப் பாத்துக்கிட்டு கெடக்கட்டும்.”

4
முடிவு ஒன்று: அம்மா விஷயத்தைக் கேட்டு அக்காவை அனுப்புகிறாள்.

முடிவு இரண்டு: அம்மா என்னோடு பேசுவதை நிறுத்துகிறாள். அதோடு சேர்ந்து முதலாவதும் நடந்தால்

(பேருந்து வந்தது. ஏறவில்லை.)

எனக்குப் பயம் மூன்றாவதில்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் அனுப்புவதையெல்லாம் வாசித்துக் காட்டுவது அக்கா. என் குரலையே அனுப்பியிருந்தால் அம்மா நேராகக் கேட்டிருப்பாள். அந்தப் பொத்தானுக்கு விரல் போகவில்லை.

இதுவரை வாசித்துவிட்டாய், அக்கா. “என்னடி, இம்புட்டு நேரமா? என்ன போட்டிருக்கா?” என்று அம்மா பக்கத்தில் கேட்பாள்.

“சாப்ட்டாளாம்மா. குளுருதாம்” என்று நீ சொல்லிவிடுவாய். அதுதான் மூன்றாவது.

அது தெரிந்துதான் எழுத்தில் அனுப்புகிறேன்.